கால்சியம் நார்மல், கால் மட்டும் மதமதக்கிறது: கேஸ்ட்ரிக் பைபாஸுக்குப் பின் வைட்டமின்கள்

கேள்வி: எனக்கு வயது 36. எட்டு மாதத்துக்கு முன்னால் உடல் எடையைக் குறைக்க கேஸ்ட்ரிக் பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்டேன். 112 கிலோ இருந்தேன், இப்போது 80. டிஸ்சார்ஜ் ஆகும்போது மல்டிவைட்டமின், இரும்பு, கால்சியம், பி12 என்று எழுதித் தந்தார்கள். மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டேன். எல்லாவற்றையும் காலையில் டீயோடு ஒன்றாக விழுங்கிவிடுவேன். குமட்டலும் மலச்சிக்கலும் தாங்காமல் நிறுத்திவிட்டேன். இப்போது மென்று சாப்பிடும் வைட்டமின் கம்மி மட்டும்தான். தைராய்டு மாத்திரையும் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் தொடர்கின்றன. வாரத்தில் இரண்டு மூன்று தடவை சாப்பிட்டது மேலே வந்துவிடுகிறது. முடி கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது. ஒன்றரை மாதமாக இரண்டு உள்ளங்காலிலும் மதமதப்பு, ஊசி குத்துவது போல் இருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.6, கால்சியம் நார்மல். சத்தான சாப்பாடு மட்டும் போதாதா? முடிக்கு பயோட்டின் எடுக்கலாமா? மாத்திரைகள் எத்தனை நாளைக்கு? அடுத்த வருடம் குழந்தைக்கு முயல நினைக்கிறோம், அதற்கு என்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கடைசியாகச் சொல்லியிருக்கும் அறிகுறியிலிருந்துதான் தொடங்க வேண்டும். முடி காத்திருக்கும், கால் காத்திருக்காது. இரண்டு பாதங்களிலும் ஒரே மாதிரி மதமதப்பு, கூடவே வாரத்தில் இரண்டு மூன்று முறை வாந்தி, ஐந்து மாதமாக முறையான சப்ளிமெண்ட் இல்லை. இவை மூன்றும் சேர்ந்தால் நரம்புக்குத் தேவையான ஏதோ ஒரு சத்து தீர்ந்துகொண்டிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் அறுவைசிகிச்சை நிபுணரையோ பொது மருத்துவரையோ இந்த வாரத்துக்குள் பாருங்கள். நடை தள்ளாடினாலோ, பார்வை இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, குழப்பமாகப் பேசுகிறீர்கள் என்று வீட்டில் இருப்பவர்கள் சொன்னாலோ வாரக்கணக்கு வேண்டாம், அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்று உண்டு: "எனக்கு பைபாஸ் ஆகியிருக்கிறது, தொடர்ந்து வாந்தி, தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்ற வேண்டாம்." வீட்டில் உள்ளவர்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள், அந்த நேரத்தில் நீங்கள் பேசும் நிலையில் இல்லாமல் போகலாம்.

காரணம் இது. தயமின் என்கிற வைட்டமின் பி1 உடம்பில் மொத்தமே 30 மில்லிகிராம் அளவுக்குத்தான் சேமிப்பில் இருக்கும். உள்ளே வருவது நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் காலி. சர்க்கரையை எரித்துச் சக்தியாக்க இந்த வைட்டமின் கட்டாயம் தேவை. ஏற்கெனவே வற்றிப்போயிருக்கும் ஒருவருக்குக் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் கொஞ்சமும் அதற்கே செலவாகி, மூளையின் சில பகுதிகள் நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். அதனால்தான் சந்தேகம் வந்த உடனேயே, ரத்த முடிவுக்குக் காத்திராமல் தயமினைத் தொடங்குவது வழக்கம். தடுப்பு அளவு ஒரு நாளைக்குக் குறைந்தது 12 மி.கி. உங்களைப் போல் வாந்தி இருப்பவர்களுக்கு 50 மி.கி. அல்லது அதற்கு மேல். சிகிச்சைக்கான அளவு வேறு, அது நூற்றுக்கணக்கான மில்லிகிராமில் ஊசியாகவே போகலாம். அதை டாக்டர் முடிவு செய்வார்.

பாத மதமதப்புக்கு பி1 தவிர இன்னும் மூன்று காரணங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது பி12. இது கல்லீரலில் நிறையச் சேமிக்கப்படுவதால் பைபாஸுக்குப் பிறகு குறைய ஓரிரு வருடம் ஆவதே வழக்கம். ஆனால் அறுவைக்கு முன்பே இருப்பு குறைவாக இருந்தவர்களுக்கு அவ்வளவு அவகாசம் கிடைக்காது. மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் எடுத்தால் பி12 குறையும், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளும் அதையே செய்யும். இரண்டாவது காப்பர். இது குறைந்தால் வரும் தள்ளாட்டமும் மரத்துப்போதலும் பி12 குறைபாட்டை அச்சாக ஒத்திருக்கும், ரத்தத்தில் வெள்ளணுக்களும் குறையும். பி12 ஊசி போட்டும் நடை சரியாகாதவர்களிடம் பிறகுதான் இதைத் தேடுகிறார்கள், அதற்குள் நாள் ஓடிவிடுகிறது. மூன்றாவது காரணம் பலருக்கு வியப்பாக இருக்கும்: வைட்டமின் பி6 அதிகமாவது. 'நரம்பு மாத்திரை' என்று கடையில் கேட்டு வாங்குபவற்றில் சிலவற்றில் ஒரு மாத்திரைக்கு 100 மி.கி. பி6 இருக்கும். மாதக்கணக்கில் எடுத்தால் அதுவே பாதங்களில் ஊசி குத்துவது போன்ற உணர்வைக் கொண்டுவரும். எனவே நீங்களாக நரம்பு மாத்திரை வாங்கிப் போட வேண்டாம். ஃபோலிக் ஆசிட்டையும் தனியாகத் தொடங்க வேண்டாம். பி12 குறைவால் வரும் ரத்தசோகையை அது சரியாக்கிக் காட்டிவிடும், நரம்புச் சேதமோ அடியில் தொடரும். சர்க்கரை நோயும் பாதத்தை மதமதக்க வைக்கும்தான். ஆனால் 32 கிலோ இறங்கிய பிறகு புதிதாகத் தொடங்கியதை முதலில் அதன் தலையில் போடக் கூடாது.

அந்த வாந்தி இயல்பானதல்ல. "பைபாஸ் செய்தவர்களுக்கு இப்படித்தான் இருக்கும்" என்று யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம். முதல் சில வாரங்களில் வேகமாகச் சாப்பிட்டதாலோ சரியாக மெல்லாததாலோ வருவது வேறு. எட்டாவது மாதத்தில் வாரத்துக்கு மூன்று முறை என்றால் இரைப்பையும் குடலும் இணைந்த இடம் சுருங்கியிருக்கலாம், அல்லது அங்கே புண் வந்திருக்கலாம். எண்டோஸ்கோப்பி தேவையா என்று கேளுங்கள். புகையும், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் அந்தப் புண்ணுக்கு முக்கியக் காரணங்கள். தலைவலிக்கு வழக்கமாக எதையாவது போடுகிறீர்கள் என்றால் அதை மறக்காமல் சொல்லுங்கள்.

இனி உங்கள் முக்கியக் கேள்வி: சத்தான சாப்பாடு மட்டும் போதாதா? போதாது. நீங்கள் என்ன சமைக்கிறீர்கள் என்பதில் பிரச்சினை இல்லை, அதை உறிஞ்சும் பாதை மாறிவிட்டது. பைபாஸில் இரைப்பையின் மேல் பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளளவுள்ள ஒரு சிறு பை மட்டும் விடப்படுகிறது. அதில் அமிலம் மிகக் குறைவாகவே சுரக்கும். உணவு அங்கிருந்து, சிறுகுடலின் முதல் பகுதியான முன்சிறுகுடலைத் தொடாமல், நேராகக் கீழே போய்விடுகிறது. இரும்பும் கால்சியமும் அதிகம் உறிஞ்சப்படுவது சரியாக அந்த முதல் பகுதியில்தான். பி12க்கு இன்னொரு சிக்கல் உண்டு. அதை உணவுப் புரதத்திலிருந்து பிரிக்க அமிலம் வேண்டும், பிறகு இரைப்பைச் சுவர் சுரக்கும் ஒரு புரதத்தோடு சேர்ந்தால்தான் சிறுகுடலின் கடைசிப் பகுதி அதை உள்ளே விடும். இப்போது அந்த இரண்டும் உணவோடு சரிவரச் சந்திப்பதில்லை.

கணக்காகவும் பாருங்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 3,000 யூனிட் வைட்டமின் டி தேவைப்படுகிறது, அதாவது 75 மைக்ரோகிராம். ஒரு முட்டையில் இருப்பது ஏறக்குறைய 40 யூனிட். வேகவைத்த பருப்பு 100 கிராமில் இரும்பு 3 மி.கி.யை ஒட்டி இருக்கும், மாதவிடாய் இருக்கும் உங்களுக்கு வேண்டியதோ 45 முதல் 60 மி.கி. சில வாய்களிலேயே நிறைந்துவிடும் வயிற்றில் இதற்கெல்லாம் இடமில்லை. அதனால் மாத்திரைகள் எத்தனை நாளைக்கு என்ற கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது: ஆயுள் முழுக்க. எடை நிலைத்த பிறகும், ரிப்போர்ட் நார்மலாக வந்த பிறகும் நிறுத்தக் கூடாது. ரிப்போர்ட் நார்மலாக இருப்பதே மாத்திரையால்தான். இரைப்பையை மட்டும் வெட்டிச் சிறிதாக்கும் ஸ்லீவ் முறையில் குடல் மாற்றப்படுவதில்லை என்பதால் உறிஞ்சுதல் அவ்வளவாகக் குறைவதில்லை, ஆனால் அங்கும் பி12, இரும்பு, வைட்டமின் டி தேவைதான். குடலை இன்னும் நீளமாகத் தாண்டவைக்கும் அறுவைகளில் ஏ, டி, ஈ, கே என்ற கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் கூடுதலாக வேண்டும்.

அடுத்து நீங்கள் மெல்லும் வைட்டமின் கம்மி. மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்: பைபாஸ் செய்தவர்களுக்கு அது வைட்டமின் கணக்கில் சேராது, மிட்டாய்க் கணக்கில்தான் சேரும். பெரும்பாலான கம்மிகளில் இரும்பு இருக்காது, ஏனென்றால் சேர்த்தால் சுவை கெட்டுவிடும். தயமினும் காப்பரும் பெரும்பாலும் இருக்காது, துத்தநாகம் பெயரளவுக்கு இருக்கும். தோலில் ஒட்டும் வைட்டமின் பேட்சுகளையும் நம்பி இருக்க முடியாது. பெரிய மாத்திரை தொண்டையில் இறங்கவில்லை என்பதுதான் தொல்லை என்றால், மென்று சாப்பிடும் மாத்திரை, பொடி, திரவம் என்று பேரியாட்ரிக் (எடைக் குறைப்பு அறுவை) நோயாளிகளுக்கென்றே தயாரிக்கப்பட்டவை கிடைக்கின்றன. மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகள் உங்களுக்குச் சரிவராது, குறுகிய பாதையில் கரைவதற்குள் கடந்து போய்விடும். நீங்கள் எடுக்கும் மெட்ஃபார்மின் அந்த வகையா என்று பெட்டியைப் பார்த்து டாக்டரிடம் கேளுங்கள். அந்த அளவு இன்னும் தேவைதானா என்பதையும் சேர்த்தே கேட்கலாம், எடை இறங்கும்போது சர்க்கரை மாத்திரையைக் குறைக்க வேண்டி வருவது சகஜம்.

மல்டிவைட்டமினை லேபிள் பார்த்துத்தான் வாங்க வேண்டும். முன்பக்கத்துப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்க அட்டவணைக்குப் போங்கள். தயமின் குறைந்தது 12 மி.கி., ஃபோலிக் ஆசிட் 800 முதல் 1,000 மைக்ரோகிராம் (குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கான அளவு இது), துத்தநாகம் 8 முதல் 22 மி.கி., காப்பர் 2 மி.கி., வைட்டமின் ஏ 5,000 முதல் 10,000 யூனிட். காப்பர் எந்த வடிவில் இருக்கிறது என்பதும் முக்கியம். குளுகோனேட், சல்ஃபேட் என்றால் சரி. ஆக்ஸைடு என்று போட்டிருந்தால் அது குடலில் ஏறவே ஏறாது, எண் மட்டும் அழகாக இருக்கும். துத்தநாகத்துக்கும் காப்பருக்கும் ஒரு விகிதம் உண்டு: 8 முதல் 15 மி.கி. துத்தநாகத்துக்கு 1 மி.கி. காப்பர். முடிக்கு நல்லது என்று தனியாக 50 மி.கி. துத்தநாக மாத்திரை போடுபவர்கள் சில மாதங்களில் காப்பர் குறைந்து, மேலே சொன்ன தள்ளாட்டத்தோடு வந்து நிற்பது இதனால்தான். சாதாரண மல்டிவைட்டமின் என்றால் இந்த அளவுகளைத் தொட நாளொன்றுக்கு இரண்டு தேவைப்படலாம்.

பி12 வாய்வழியாக எடுப்பதென்றால் நாளொன்றுக்கு 350 முதல் 1,000 மைக்ரோகிராம். எண் பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. இரைப்பைப் புரதத்தின் துணையில்லாமல் குடல் சுவர் வழியே தானாகக் கசிந்து உள்ளே போவது சுமார் 1 சதவீதம் மட்டுமே. 1,000 எடுத்தால் 10 மைக்ரோகிராம் போய்ச் சேரும், அது போதும். வேண்டாம் என்றால் மாதம் ஒரு முறை 1,000 மைக்ரோகிராம் ஊசி. உங்களுக்கு வாந்தி நிற்கும்வரை ஊசியே நல்லது என்பது என் கருத்து. விழுங்கியது உள்ளே தங்கியதா என்ற சந்தேகம் அதில் இல்லை.

இரும்பில்தான் உங்களுக்கு அதிகம் கசந்திருக்கிறது. ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால் பெண்களுக்கு ரத்தசோகை. 10.6 என்றால் சாதாரணத் தடுப்பு அளவோடு நிற்க முடியாது. முதலில் ஃபெரிட்டின் பார்க்கச் சொல்லுங்கள், சேமிப்பில் எவ்வளவு இரும்பு மிச்சம் என்பதை அதுதான் காட்டும். காய்ச்சலோ வீக்கமோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயரும் என்பதால், இரும்பு நிறைவுச் சதவீதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாத்திரை லேபிளில் பார்க்க வேண்டியது இரும்பு உப்பின் (இரும்பு கலந்த சேர்மத்தின்) மொத்த எடையை அல்ல, அதில் உள்ள தனி இரும்பின் அளவை. ஃபெரஸ் சல்ஃபேட் 325 மி.கி. மாத்திரையில் தனி இரும்பு 65 மி.கி. மட்டும். ஃபெரஸ் ஃப்யூமரேட்டில் எடையில் மூன்றில் ஒரு பங்கு இரும்பு, ஃபெரஸ் குளுகோனேட்டில் எட்டில் ஒரு பங்குதான். "300 போடுகிறேனே" என்று சொல்பவருக்கு உண்மையில் கிடைப்பது 36 ஆக இருக்கும்.

டீயோடு விழுங்கியது பெரிய தப்பு. டீ, காபியில் உள்ள டானின் போன்ற பொருள்கள் இரும்பைக் கட்டிப்போடும், முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கால்சியத்தோடு சேர்த்து விழுங்கியதும் தப்புதான். கால்சியம் இரும்பை ஏறவிடாமல் தடுக்கும், குறைந்தது இரண்டு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும். வைட்டமின் சி கூடச் சேர்ந்தால் இரும்பு நன்றாக ஏறும். மலச்சிக்கலுக்கு மருந்தை நிறுத்துவதைவிட இரும்பு உப்பின் வகையை மாற்றிப் பார்க்கலாம், தண்ணீரைக் கூட்டலாம், ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாமா என்று டாக்டரைக் கேட்கலாம். ஒரு வேளை இரும்பு உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து சுமார் 24 மணி நேரத்துக்கு அடுத்த வேளை இரும்பைக் குறைவாக ஏறவிடும். ஒருநாள் இடைவெளி விட்டால் வயிற்றுத் தொல்லை குறையும், ஏறும் பங்கும் கூடும். இவ்வளவுக்குப் பிறகும் ஃபெரிட்டின் ஏறவில்லை என்றாலோ வாந்தி ஓயவில்லை என்றாலோ ரத்தக்குழாய் வழியாக இரும்பு ஏற்றுவதுதான் முறை. அதைத் தோல்வி என்று நினைக்க வேண்டாம், பைபாஸ் செய்தவர்களில் பலருக்கு அது தேவைப்படுகிறது. இரும்பு மாத்திரை டப்பாவைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், சில மாத்திரைகளே அவர்கள் உயிருக்கு ஆபத்து.

கால்சியம் ரிப்போர்ட் நார்மல் என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் எலும்பைப் பற்றி எதையும் சொல்லவில்லை. இதயமும் தசையும் ஓட ரத்தத்தில் கால்சியம் ஒரே அளவில் நிற்க வேண்டும், உணவில் வராவிட்டால் பாராதைராய்டு ஹார்மோன் எலும்பைக் கரைத்து அதை ரத்தத்தில் கொண்டுவந்து விடும். வீட்டுச் சாமானை விற்று வாடகை கட்டிக்கொண்டிருப்பவரிடம் பாக்கி இல்லை என்பதால் அவர் வசதியாக இருக்கிறார் என்று சொல்ல முடியுமா? பார்க்க வேண்டியது பாராதைராய்டு ஹார்மோன், வைட்டமின் டி இரண்டையும். வைட்டமின் டி ஒரு மில்லி ரத்தத்தில் 30 நானோகிராமுக்கு மேல் இருக்க வேண்டும், ஹார்மோன் உயராமல் இருக்க வேண்டும்.

உணவும் மாத்திரையும் சேர்த்து ஒரு நாளைக்கு 1,200 முதல் 1,500 மி.கி. கால்சியம் இலக்கு. ஒரே வேளையில் 500, மிஞ்சிப்போனால் 600க்கு மேல் குடல் ஏற்காது, மீதி வீண். சிட்ரேட் வகையாக வாங்குங்கள். கார்பனேட் மலிவு, மாத்திரையும் குறைவாகப் போதும், ஆனால் அது கரைய அமிலம் வேண்டும், உங்களிடம் அது குறைவு, மலச்சிக்கலும் அதில்தான் அதிகம். சிட்ரேட்டில் எடையில் 21 சதவீதம்தான் கால்சியம் என்பதால் மாத்திரை பெரிதாக இருக்கும், லேபிளில் தனி கால்சியம் எவ்வளவு என்று பார்த்தே எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். பைபாஸுக்குப் பிறகு சிறுநீரகக் கல் வரும் வாய்ப்புக் கூடுகிறது. அதனால் கால்சியத்தைத் தவிர்க்க வேண்டும் என்று சிலர் சொல்வது தலைகீழ். குடலில் கால்சியம் போதாதபோதுதான் ஆக்ஸலேட் கட்டுப்படாமல் ரத்தத்துக்குப் போய்க் கல்லாகிறது. கல்லைத் தடுப்பது போதுமான கால்சியமும் தண்ணீரும்.

இப்போது நேரம். தைராய்டு மாத்திரை இருப்பதால் உங்கள் அட்டவணை மற்றவர்களுடையதைவிடச் சிக்கலானது. இரும்பும் கால்சியமும் அந்த மாத்திரையைக் கட்டிப்போடும், நான்கு மணி நேர இடைவெளி தேவை. காலை 6 மணிக்கு வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, தண்ணீரோடு மட்டும். 8 மணிக்குக் காலை உணவு, வாய்வழி பி12 என்றால் அதோடு. 10.30க்கு முதல் கால்சியம் 500. மதியம் 1 மணிக்குச் சாப்பாட்டோடு மல்டிவைட்டமின். அதில் இரும்பு இருப்பதால்தான் காலையில் வைக்கவில்லை, கொழுப்பில் கரையும் வைட்டமின்களுக்குச் சாப்பாடும் துணை. மாலை 4 மணிக்கு இரண்டாவது கால்சியம். நாளொன்றுக்கு இரண்டு கப் பாலோ தயிரோ உள்ளே போகவில்லை என்றால் 6.30க்கு மூன்றாவது. இரவு 9 மணிக்கு வைட்டமின் சி உடன் இரும்பு, போட்டபின் அரை மணி நேரமாவது படுக்காமல் இருங்கள், உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாகும். வைட்டமின் டியை மதியச் சாப்பாட்டோடு சேர்த்துவிடலாம். கைப்பேசியில் ஐந்தாறு அலாரம் வைப்பதைத் தவிர இதற்கு வேறு வழி தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் மறுபடி தொடங்காதீர்கள். தயமினும் பி12ம் உடனே. மல்டிவைட்டமின் அடுத்து. கால்சியத்தையும் இரும்பையும் சில நாள் இடைவெளியில் ஒவ்வொன்றாகச் சேர்த்தால் எது குமட்டுகிறது என்று பிடிபடும். இன்னொன்று, எடை குறையும்போது தைராய்டு மாத்திரையின் அளவும் மாற வேண்டியிருக்கும், டிஎஸ்எச் பரிசோதனையைச் சேர்த்துச் செய்யுங்கள்.

அந்த டிஎஸ்எச் பரிசோதனையில்தான் பயோட்டின் குறுக்கே வருகிறது. முடிக்கு என்று விற்கும் மாத்திரைகளில் இருக்கும் அதிக அளவு பயோட்டின், ஆய்வகத்தில் தைராய்டு, இதயச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் போன்ற பல சோதனைகளின் முடிவைப் பொய்யாக்கும். எடுத்தே ஆக வேண்டும் என்றால் ரத்தம் கொடுப்பதற்கு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள். என் பரிந்துரை: வேண்டாம். பயோட்டின் குறைபாடு அபூர்வம், அது இல்லாதவருக்குக் கூடுதல் பயோட்டினால் முடி வளராது. அறுவையும் வேகமான எடை இறக்கமும் கொடுத்த அதிர்ச்சியில் முடிவேர்கள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போகின்றன. மூன்றாவது மாதம் கொட்டத் தொடங்கி, வழக்கமாக ஒரு வருடத்துக்குள் ஓய்ந்து, மறுபடி வளரும். உங்களுக்கு எட்டாவது மாதத்திலும் கொத்தாகக் கொட்டுகிறது, ரத்தசோகையும் இருக்கிறது. அப்படியென்றால் இரும்பு, துத்தநாகம், புரதம் மூன்றும்தான் சந்தேகப் பட்டியல். அவற்றைச் சரிசெய்தாலும் பலன் கண்ணுக்குத் தெரிய மாதங்கள் ஆகும்.

புரதம் நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம், முடிந்தால் 80. கணக்கு வைத்துக்கொள்ளச் சில எண்கள்: முட்டை ஒன்றில் 6 கிராம், 200 மில்லி பாலில் ஏறக்குறைய 7, சமைத்த கோழிக்கறி 100 கிராமில் 27ஐ ஒட்டி, சமைத்த மீனில் 20க்குச் சற்று மேல், பனீர் 100 கிராமில் 18, வேகவைத்த பருப்பிலோ கொண்டைக்கடலையிலோ 9. தட்டில் முதலில் புரதம், பிறகு காய், இடம் இருந்தால் மட்டும் மாவுச்சத்து. சாப்பிடுவதற்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் எதையும் குடிக்காதீர்கள். ஆனால் மற்ற நேரத்தில் சிறுசிறு மிடறாக ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். ஒரு வாயை விரல் நகம் அளவுக்கு எடுத்து, கூழாகும்வரை மென்று, ஒரு வேளைக்கு 20 முதல் 30 நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வாந்தி இதில் ஓரளவு குறையலாம், ஆனால் எண்டோஸ்கோப்பி பற்றிக் கேட்பதை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். புரதப் பொடி தேவைப்பட்டால் பாலிலிருந்து பிரித்த வே ஐசோலேட்டோ சோயாவோ பாருங்கள். முடிக்கும் தோலுக்கும் என்று விற்கப்படும் கொலாஜன் பொடியைப் புரதக் கணக்கில் சேர்க்காதீர்கள். அத்தியாவசிய அமினோ அமிலங்களில் ஒன்றான ட்ரிப்டோஃபான் அதில் இல்லை. இனிப்புப் பானம் குடித்த அரை மணி நேரத்துக்குள் படபடப்பும் வயிற்றுப் பிசையலும், அல்லது ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து வியர்வையும் நடுக்கமும் வந்தால் அது டம்பிங். மெட்ஃபார்மின் எடுப்பவர் என்பதால் அந்த நேரத்துச் சர்க்கரை அளவைக் குறித்து வைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

இந்த வாரம் செய்யச் சொல்ல வேண்டிய பரிசோதனைகள்: முழு ரத்த அணுக்கள், ஃபெரிட்டின், இரும்பு நிறைவு, பி12, ஃபோலேட், தயமின், வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன், அல்புமின், துத்தநாகம், காப்பர், வைட்டமின் ஏ, டிஎஸ்எச். தயமின் முடிவு வர நாளாகும், சிகிச்சை அதற்குக் காத்திருக்கக் கூடாது. பி12 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு. 200க்கும் 400க்கும் நடுவே என்றால் ஆய்வகம் 'நார்மல்' என்று அச்சடித்தாலும், பாதம் மதமதக்கும் ஒருவருக்கு அது நார்மல் அல்ல. மெதில்மலோனிக் அமிலப் பரிசோதனை சந்தேகத்தைத் தீர்க்கும். குறைபாடுகள் சரியான பிறகு 12ஆவது மாதத்தில் ஒரு முறை, பிறகு வருடத்துக்கு ஒரு முறை.

குழந்தை பற்றி. அறுவைக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் தள்ளிப்போடச் சொல்வது, வேகமாக எடை இறங்கும் காலத்தில் கருவுக்குச் சத்து போதாது என்பதால்தான். உங்கள் விஷயத்தில் நாள்காட்டியைவிட ரத்த அளவுகள் முக்கியம். ஹீமோகுளோபின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி நான்கும் சரியாகி எடையும் நிலைத்த பிறகு முயலுங்கள். அதுவரை கருத்தடை தேவை. பைபாஸுக்குப் பிறகு, அதுவும் வாந்தி இருக்கும்போது, வாய்வழிக் கருத்தடை மாத்திரையை நம்ப முடியாது, லூப் போன்ற முறைகளை மகப்பேறு மருத்துவரிடம் பேசுங்கள். முயலத் தொடங்கும் முன்பே மல்டிவைட்டமினில் வைட்டமின் ஏ எந்த வடிவில் இருக்கிறது என்று பார்த்து, ரெட்டினால் வகையிலிருந்து பீட்டா கரோட்டின் வகைக்கு மாறிவிட வேண்டும், அதிக ரெட்டினால் கருவுக்குக் கேடு. சர்க்கரை நோயும் எடையும் இருப்பதால் ஃபோலிக் ஆசிட் வழக்கத்தைவிடக் கூடுதல் அளவில் தேவைப்படலாம், பி12 சரியான பிறகே அதை டாக்டர் எழுதித் தருவார். மெட்ஃபார்மினைக் கர்ப்ப காலத்தில் தொடரலாமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்ப காலத்தில் சர்க்கரையைப் பார்க்க குளுக்கோஸ் கரைசல் குடிக்கச் சொன்னால், பைபாஸ் ஆனதைச் சொல்லி மறுத்துவிடுங்கள். டம்பிங் வரும், முடிவும் தவறாகும். அதற்குப் பதில் வீட்டிலேயே சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் விரலில் குத்திப் பார்க்கும் முறை போதும்.